படகில் நங்கூரச் சங்கிலியை ஏற்ற மின்சார விண்ட்லாஸ் பொருத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அணியத்தான்:
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. விண்ட்லாஸ் புதுசு, சங்கிலியும் புதுசு. துறைமுகத்தில் கட்டியபடி ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. வெளியே நல்ல ஆழத்தில் நங்கூரம் எடுக்கும்போதுதான் வேலையைக் காட்டியது. பாதிச் சங்கிலி ஏறியிருக்கும். ஜிப்ஸியில், அதாவது கண்ணியின் அளவுக்கேற்ற குழிகள் வெட்டிய சக்கரத்தில், ‘டக்... டக்’ என்று கண்ணிகள் தாவ ஆரம்பித்தன. அப்புறம் ஒரே ஓட்டம். ஏறிய சங்கிலி அத்தனையும் உருளை அதிர அதிரத் திரும்பக் கடலுக்குள் போனது. என் கால் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

அந்தச் சங்கிலி, விற்றவர் ‘10 மி.மீ. என்றால் எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லித் தந்தது. ஒன்றில்லை. டின் (DIN) 766 தரத்தில் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ., ஐஎஸ்ஓ 4565 தரத்தில் 30 மி.மீ. கம்பியின் கனம் ஒன்றேதான், அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் 2 செ.மீ. வித்தியாசம் வரும். இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

வாடைக்காற்று:
சங்கிலி எனக்குப் பிரச்சினை தரவில்லை, வயர்தான் தந்தது. நள்ளிரவில் காற்று திசை மாறி, பின்னால் பாறை. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, சங்கிலி அசையவில்லை. மனைவி டார்ச்சைப் பிடிக்க, மோட்டார் டெர்மினலில் மீட்டரை வைத்தேன்: 9.8 வோல்ட். பாட்டரியில் 12.1. நடுவில் இருந்த வோல்டேஜ் எல்லாம் வயரிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டால் கை சுட்டது. கையாலேயே இழுத்து ஏற்றித் தப்பித்தோம். முந்தைய உரிமையாளர் போட்டுவைத்த 25 சதுர மி.மீ. வயர் அது. 1000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், நங்கூரம் சிக்கினால் இன்னும் அதிகம். பாட்டரி பின்பக்கம், மோட்டார் படகின் முன்மூக்கில், அணியத்தில். போக வரக் கணக்கிட்டால் என் படகில் 22 மீட்டர். இப்போது 70 போட்டிருக்கிறேன்.

கடலோடி:
வாடைக்காற்று, அவ்வளவு செம்பை எதற்கு இழுக்க வேண்டும்? அணியத்திலேயே ஒரு பாட்டரி வைத்தால் ஒரு மீட்டர் வயரோடு முடிந்துவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், முனகல் என்பதே கிடையாது.

வாடைக்காற்று:
முனகல் இல்லை, சரி. அந்தப் பாட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு தனி சார்ஜர், அதற்கு ஒரு வயர், ஒரு ஃபியூஸ். போதாததற்கு 20, 25 கிலோ முன்னால். சங்கிலியே 10 மி.மீ. என்றால் மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல். ஏற்கெனவே மூக்கு கனத்த படகு என்னுடையது, அலையில் குத்திக் குத்திப் போகும்.

கடலோடி:
உங்கள் படகு அப்படி. என்னுடையது அகலமான மூக்கு. எல்லாருக்கும் ஒரே கணக்கைப் போடாதீர்கள்.

பழைய மாலுமி:
இருவரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவம் சின்னது: ஓர் இரவு சங்கிலி நேராக விண்ட்லாஸில் தொங்க, அலை வரும்போதெல்லாம் தளம் ‘கிர்ர்’ என்றது. அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். நங்கூரம் பிடித்ததும் சங்கிலியின் இழுப்பைத் தாங்க நைலான் கயிறால் ஒரு ஸ்னப்பர் கட்டி, பாரத்தைத் தளத்தில் கயிறு கட்டும் கட்டைக்கு மாற்றிவிடுங்கள். விண்ட்லாஸ் சங்கிலி ஏற்றத்தான், படகைக் கட்டிப்போட அல்ல. ஏற்றும்போதும் எஞ்சினை ஓடவிட்டு மெல்ல முன்னே போங்கள். படகை இழுக்கும் வேலையை மோட்டார் தலையில் கட்டாதீர்கள். ஆல்டர்னேட்டரும் அப்போது உதவும். சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் படகோடு ஷாக்கிள் என்னும் இரும்புக் கொளுவி போட்டு இறுக்கிவிடாதீர்கள், கயிறால் கட்டுங்கள், அந்தக் கயிறு தளத்துக்கு மேல் வரும் நீளம் இருக்கட்டும். அவசரத்தில் கத்தியால் ஒரே வெட்டு. பிரேக்கரைப் பாட்டரிப் பக்கமே வையுங்கள். சங்கிலி அறைக்குள் விழ நல்ல இறக்கம் வேண்டும், இல்லையென்றால் கோபுரம்போலக் குவிந்து வாயை அடைத்துவிடும். கால் சுவிட்சுக்கு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏன் என்றால்...

அணியத்தான்:
ஐயா, ஸ்னப்பர் பற்றி நான் கேட்கவே இல்லையே! இருந்தாலும் நன்றி.

கட்டுமரம்:
என் படகில் போல்ட் துளைதான் வில்லன். பொருத்திக் கொடுத்த ஆள் தளத்தைத் துளைத்து, சிலிகானை அப்பி, முறுக்கிவிட்டுப் போய்விட்டார். தளத்தின் இரு அடுக்குகளுக்கு நடுவில் பல்சா மரம். மழைக்காலம் முடிந்து முன்னறைப் படுக்கைக்கு மேல் பார்த்தால் போல்ட் முனையில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு. விரலை வைத்து அழுத்தினேன், மரம் ஸ்பாஞ்ச் மாதிரி உள்ளே போனது. துளையைப் பெரிதாக்கி, சுற்றியுள்ள மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்சிப் பிசின் நிரப்பி, காய்ந்த பிறகு அதற்குள் மறுபடி துளை போட வேண்டும். அடியில் அகலமான தட்டும் வேண்டும். அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் இரண்டையும் பிரிக்கும் காப்புப் பசை இடையில் தடவுங்கள், உப்புநீரில் அலுமினியம்தான் தின்னப்படும்.

ஒரு கேள்வி, அணியத்தான்: சங்கிலியை மாற்றினீர்களா, ஜிப்ஸியையா?

அணியத்தான்:
ஜிப்ஸியைத்தான். சங்கிலி ஐஎஸ்ஓ என்று அளந்து உறுதி செய்த பிறகு அதற்கேற்ற ஜிப்ஸி வாங்கினேன். நாலு ஸ்க்ரூ, ஒரு சாவி, மதியத்துக்குள் முடிந்தது. விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, இன்னும் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றே சொல்கிறார்.