வெட்டவெளியில் கூப்பிட்டால் வராத சிப்பிப்பாறை நாய்: என்ன செய்யலாம்?

கேள்வி – கரிசல்காட்டான்
வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய் ஒன்று வளர்கிறது. "உட்கார்", "இரு", "கை கொடு" என்று சொன்னால் வீட்டுக்குள் தயங்காமல் செய்கிறது. "வா" என்றால் மாடியிலிருந்துகூட இறங்கி வருகிறது. ஆனால் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டபின் தொலைவில் ஓர் அணிலோ ஆட்டுக்குட்டியோ அசைந்துவிட்டால், எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்திலேயே சாலை இருப்பதால் அச்சமாக இருக்கிறது. நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது, அடித்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி – வேட்டைநாய் அன்பர்
ஐயா, இது அடங்காமை அன்று. முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் இது. அசைவைக் கண்டதும் ஓடுவது அதன் இயல்பு. மேலும், நாய் ஒரு கட்டளையை அது பழகிய இடத்தோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறது. ஆகவே வீட்டுக்குள் படிந்த "வா" என்பதை முற்றத்திலும், பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த தெருவிலும், கடைசியாகத் தோட்டத்திலும் புதிதாகவே கற்பிக்க வேண்டும்.

தோட்டத்தில் பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றைப் பயன்படுத்துங்கள். அதைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப்பட்டையில் கட்டுவது அவசியம். முழு வேகத்தில் ஓடும் நாயைக் கயிறு சட்டென்று நிறுத்தினால் கழுத்தில் காயம் ஏற்படும். தவிர, இவ்வினத்தின் தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும். வந்தவுடன் வேகவைத்த கோழியோ ஈரலோ கொடுங்கள், அன்றாட பிஸ்கட் இதற்குப் போதாது. கொடுத்த பிறகு மறுபடியும் விளையாட விடுங்கள். கூப்பிடும்போதெல்லாம் கட்டிப்போட்டால், அழைப்பு என்றாலே விளையாட்டு முடிந்தது என்று அது புரிந்துகொள்ளும்.

மறுமொழி – மதுரை வாசகி
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாய் உங்களிடம் வந்து சேர்ந்த பிறகு பாராட்டுவதைவிட, குரல் கேட்டுத் தலையைத் திருப்பும் அந்தக் கணத்திலேயே "சபாஷ்" என்று சொல்லிவிடுவது நல்லது. எதற்காகப் பாராட்டு கிடைத்தது என்பது அதற்கு அப்போதுதான் விளங்கும். அழைப்பை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வராவிட்டால் திரும்பத் திரும்பக் கத்தாமல், எதிர்த்திசையில் ஓடிக் காட்டுங்கள். ஓடுவதைத் துரத்தும் நாய், ஓடும் உங்களையும் துரத்தி வரும்.

மறுமொழி – பழைய உறுப்பினர்
நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது என்பது உண்மையன்று. 2021இல் இந்திய இராணுவம் கொரோனா தொற்றை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களில் ஜெயா, மணி என்ற இரண்டும் சிப்பிப்பாறை இனத்தவையே. அடித்தால் நாய் கற்றுக்கொள்வது உங்களிடம் நெருங்கக் கூடாது என்பதை மட்டுமே. தாமதமாக வந்த நாயை அதட்டினால்கூட அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் வரும். இது வளரிளம் பருவம் என்பதால் ஏற்கெனவே பழகியதும் சில காலம் தடுமாறலாம். தோட்டத்துக்கு வேலி போடும்வரை, பயிற்சி எவ்வளவு நன்றாக நடந்தாலும் சாலையோரத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.