தாண்டிக்குடி காபியில் சாக்கு வாடை: இனி பழமாகவே வாங்கலாமா?

வறுவல்கடை:
கோவையில் சின்ன அளவில் காபி வறுத்து விற்கிறேன். போன தை மாதம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஏழு விவசாயிகளிடம் நேரடியாகப் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கிக் காயவைத்த, உள்தோல் உரிக்காத கொட்டை வாங்கினேன். யாருக்கும் இரண்டு ஏக்கருக்கு மேல் கிடையாது. வியாபாரி தருவதைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடவே கொடுத்தேன். இரண்டு வீட்டுக் காபி அபாரம், ஆரஞ்சுத் தோல் மணம். மீதி ஐந்தையும் ஒன்றாகக் கலந்து வறுத்தேன். மழையில் நனைந்த சாக்கு வாடை. எல்லாம் காவேரியும் செலக்‌ஷன் 9-உம்தான், இரண்டும் அராபிகா ரகங்கள். ஈரம் பார்த்தால் 13.8 சதவீதம். அடுத்த பருவத்தில் பழமாக வாங்கி நானே பதப்படுத்தட்டுமா?

கீழ்மலை அக்கா:
தம்பி, ஐந்து வீட்டுச் சரக்கை எதற்குக் கலந்தீர்கள்? ஒரு வீட்டு மூட்டை கெட்டிருந்தாலே போதுமே.

எங்களுக்குப் பறிப்பு கார்த்திகை, மார்கழியில். வடகிழக்கு மழையும் அப்போதுதான். குடகில் பறிக்கும்போது பெரும்பாலும் வெயில் காயும். இங்கே மேகம் வீட்டுக்குள் வந்து உட்காரும். தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாகவே பகல் போய்விடும். சுருட்டின பாய்க்குள் ஈரப் பார்ச்மென்ட் ராத்திரி முழுக்கக் கிடந்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். நானே ஒரு வருஷம் நன்றாகக் காய்ந்த மூன்று மூட்டையை யூரியாச் சாக்கில் கட்டி, மிளகுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டேன். வாங்க வந்தவர் ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, "அக்கா, இது காபியா, ரசமா?" என்றார்.

பழமாக வாங்குவதென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு குறையும். பறித்த அன்றைக்கே பல்ப் அடிக்க (பழத்தோலை உரிக்க) வேண்டும், இல்லையென்றால் பழம் கூடையிலேயே புளிக்க ஆரம்பிக்கும். கோவைக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் விடிந்துவிடும். அடித்தபின் வழவழப்புப் போகத் தொட்டியில் போடுகிறோமே, அதற்கும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். மார்கழிக் குளிரில் எங்களுக்கு 36 மணி நேரம்கூட ஆகும். ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் ஆற்று மணல் மாதிரி நறநறக்க வேண்டும்.

அப்புறம் அந்த 40 ரூபாய். எப்போது கொடுத்தீர்கள்? இங்கே வியாபாரி ஆடியிலேயே முன்பணம் தந்துவிடுகிறார். பழமோ செங்காயோ அவருக்கு ஒரே விலை. பழுத்ததை மட்டும் பொறுக்க ஒரே செடிக்கு நாலு தடவை ஆள் விட வேண்டும், நாலு தடவையும் கூலி. மொத்தமாக உருவினால் ஒரே நாளில் முடிந்தது. கையில் காசில்லாதவரிடம் போய் "சிவந்ததை மட்டும் பறியுங்கள்" என்றால் என்ன செய்வார்?

பழைய கியூரிங் ஆள்:
அக்கா சொல்வது சரி. ஆனால் நான் பழமாக வாங்க வேண்டாம் என்பேன். பழத்தை விற்றால் காயவைத்து அவர்கள் கூடுதலாகப் பார்க்கும் நாலு காசும் போகும். காயவைக்கத் தலைக்கு ஒரு கம்பி வலைக் கட்டில் அடித்துக் கொடுங்கள். மேலே பாலித்தீன் பந்தல், பக்கங்கள் திறந்திருக்கட்டும். தண்ணீரில் மிதக்கும் பழத்தை முதலிலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு மூட்டையில் எண் எழுதுங்கள். 12-க்கு மேல் ஈரம் இருந்தால் ஏற்றாதீர்கள், இரண்டு நாள் கூடக் காயட்டும். வறுக்கும் சமயம் வரை பார்ச்மென்ட்டை உரிக்கவும் வேண்டாம். உங்கள் 13.8, உரித்து அளந்ததா, தோலோடா? பல மீட்டர்களில் இரண்டுக்கும் வேறு வேறு அமைப்பு உண்டு.

வறுவல்கடை:
தோலோடுதான் அளந்தேன், அமைப்பை மாற்றவில்லை. பணம் மாசியில்தான் கொடுத்தேன் அக்கா, முன்பணம் என்ற யோசனையே வரவில்லை. இந்த ஆடிக்கு மேலே வருகிறேன். பழம் வாங்கும் திட்டத்தை விட்டாயிற்று. கட்டில் எவ்வளவு அகலம் வேண்டும்?

கீழ்மலை அக்கா:
மூன்று அடி போதும். அதற்கு மேல் போனால் கிளறக் கை எட்டாது. வரும்போது அந்த ஆரஞ்சு மணக் காபியில் கால் கிலோ வறுத்துக் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டில் குடிப்பது மிதவைக் காபிதான்.