ஃபெண்டர் பேஸ்மேன் 50: ஒரு 6எல்6 மட்டும் சிவக்குது, மாத்து வால்வு எங்க கிடைக்கும்?

மார்த்தாண்டம் பேஸ்:
சர்ச் கொயருக்கு ஓடுற பேஸ் கிட்டார் ஆம்ப், பவர் வால்வு (வேக்குவம் ட்யூப்) ரெண்டும் 6எல்6. வெள்ளி முகப்பு, 70கள்ல உள்ளது. வளைகுடா வழியா வந்த அமெரிக்க மாடல், 117 வோல்ட், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டுதான் ஓட்டுறோம். ஆன் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பவர் வால்வுல ஒண்ணோட ப்ளேட் செக்கச்செவேல்னு ஆகுது, ஹம் ஏறுது, ஃபியூஸ் போகுது. மத்தது சாதாரணமா இருக்கு. நாகர்கோவில்ல கேட்ட கடையெல்லாம் கைவிரிச்சாச்சு. ஆன்லைன்ல ஒருத்தர் 6பி3எஸ்னு ரஷ்ய வால்வு ஜோடி விலை குறைச்சு தாறேங்காரு, இன்னொருத்தர் இஎல்34னு வேற பவர் வால்வு போட்டா சவுண்டு கூடும்ங்காரு. எதை வாங்கலாம்?

குளச்சல் வால்வு:
இப்ப எதையும் வாங்காதீங்க தம்பி. ஒரு வால்வு மட்டும் சிவந்தா குத்தம் வால்வுலயா, சாக்கெட்டுலயான்னு முதல்ல தெரியணும். இல்லேன்னா புது ஜோடியும் அதே சாக்கெட்டுல வெந்துபோகும்.

ஆறவிட்டு ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க. ஸ்பீக்கர் மாட்டியே இருக்கணும், 4 ஓம். லோடு இல்லாம வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிரும். ஆன் பண்ணி கண்ணை எடுக்காம பாருங்க, சிவக்க ஆரம்பிச்ச உடனே ஆஃப். சிவப்பு வால்வு கூடவே போச்சுன்னா வால்வு கெட்டது. பழைய சாக்கெட்டுலயே நின்னா சர்க்யூட்.

அடுத்தது பயாஸ், அதாவது வால்வோட கிரிட்டுல நின்னு கரண்டை அடக்கி வைக்கிற மைனஸ் வோல்டேஜ். ரெண்டு பவர் வால்வையும் உருவிட்டு, ஆன்ல வச்சு, சாக்கெட்டோட 5ஆம் பின்னுக்கும் (கிரிட்) சேஸிஸுக்கும் டிசி வோல்ட் பாருங்க. அடிப்பக்கம் இருந்து பாத்தா சாவிப் பள்ளத்துல இருந்து வலஞ்சுழியா 1, 2, 3ன்னு எண்ணணும். ரெண்டுலயும் மைனஸ் 40க்கும் 55க்கும் நடுவுல, ஏறக்குறைய ஒரே அளவு வரணும்.

3ஆம் பின்னுல (ப்ளேட்) 440 வோல்ட்டுக்கு மேல நிக்கும். ஒரு கை பின்னால, மீட்டரோட கறுப்பு முனையை சேஸிஸ்ல கிளிப் போட்டுட்டு அளங்க. சால்டர் வைக்கணும்னா பிளக்கை உருவி, ஃபில்டர் கண்டென்சரை 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, சைபர் ஆச்சான்னு மீட்டர்ல பாத்த பிறகு தொடுங்க. ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்ற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய பேருக்கு உண்டு. வேண்டாம்.

நாரோயில் சால்டர்:
இஎல்34 சொன்னவரு சாக்கெட்டுக்கு அடியில பாத்திருக்கவே மாட்டாரு. அந்தக் காலத்து ஃபெண்டர்ல 6எல்6 சாக்கெட்டோட 1ஆம் பின் சும்மா ஒரு முட்டுதான். கிரிட் ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓமோட ஒரு முனையை அதுல கட்டியிருப்பாங்க, பயாஸ் வோல்டேஜும் அங்கதான் வந்து நிக்கும். இஎல்34க்கு 1ஆம் பின் சப்ரஸர் கிரிட், அது 8ஆம் பின்னோட (கேத்தோடு) சேரணும். அப்படியே செருகினா சப்ரஸர்ல மைனஸ் 50 வோல்ட் நிக்கும். ஹீட்டரும் ஒண்ணுக்கு 1.5 ஆம்பியர் இழுக்கும், 6எல்6ஜிசிக்கு 0.9 போதும். ஜோடிக்கு 1.2 ஆம்பியர் கூடுதல், பழைய பவர் டிரான்ஸ்பார்மர் தாங்காது. 6550, கேடி88 ரெண்டும் 1.6 ஆம்பியர், அதுக்கும் இதே பதில்.

6பி3எஸ் பழைய 6எல்6ஜி வகைக்கு ஈடு. ப்ளேட்டுல தாங்குறது 20 வாட் சொச்சம்தான். 6எல்6ஜிசிக்கு 30 வாட். 440 வோல்ட்ல அதைப் போட்டா கொஞ்ச நாள் பாடும், பிறகு இதே சிவப்பு. விளம்பரத்துல வெறும் '6எல்6'னு மட்டும் இருந்தா, ஜிசியான்னு கேட்டுட்டு காசு அனுப்பணும்.

மார்த்தாண்டம் பேஸ்:
அண்ணாச்சி, பாத்தாச்சு. வால்வை மாத்திப் போட்டும் சிவப்பு அதே வலது சாக்கெட்டுலதான். 5ஆம் பின்: இடது மைனஸ் 48, வலது மைனஸ் 31. பத்து நிமிஷத்துல வலது மைனஸ் 26க்கு இறங்கிட்டு.

குளச்சல் வால்வு:
கப்ளிங் கண்டென்சர் கசியுது. ஃபேஸ் இன்வெர்ட்டரா (சிக்னலை ரெண்டு பவர் வால்வுக்கும் எதிரெதிரா பிரிச்சுத் தர்ற சின்ன வால்வு) நிக்கிற 12ஏடி7ல இருந்து பவர் கிரிட்டுக்கு வரும் 0.1 மைக்ரோஃபாரட் ரெண்டு உண்டு. சூடாக ஆகக் கசிவு கூடும், ப்ளேட் பக்கத்து பாசிட்டிவ் வோல்டேஜ் கிரிட்டுல ஏறி மைனஸைத் தின்னும், வால்வு மூடாம முழுசாத் திறந்து கிடக்கும். வலது பக்கத்து கண்டென்சரோட கிரிட் முனையை மட்டும் கழட்டிட்டு திரும்ப அளங்க. மைனஸ் 48க்கு வந்தா சந்தேகமே இல்லை. வரலேன்னா 5ஆம் பின்னோட ரெசிஸ்டரும் சாக்கெட்டும் பாக்கணும்.

மாத்தும்போது ரெண்டையும் சேர்த்து மாத்துங்க: 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன். 400 வோல்ட் கொடுத்தா வாங்காதீங்க. அதோட 470 ஓம் 3 வாட் ரெசிஸ்டர் ரெண்டு, ஸ்க்ரீன் கிரிட்டுக்கு. சிவந்த பக்கம் பழசு கருகியிருக்கும். பயாஸ் கண்டென்சர் 100 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் ஒண்ணு. இதுல பாசிட்டிவ் கால்தான் சேஸிஸுக்கு. பழக்கதோஷத்துல திருப்பிப் போட்டா வெடிக்கும், பயாஸும் போகும். இதெல்லாம் நாகர்கோவில்லயே கிடைக்கும்.

தக்கலைக்காரன்:
சாக்கெட்டையும் விடாதீங்க. நம்ம கடலோரத்து உப்புக்காத்துல பின் பிடிப்பு பச்சை பூத்துரும். 5ஆம் பின் தொடர்பு விட்டாலே பயாஸ் இல்லாம வால்வு சிவக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, வால்வை நாலஞ்சு தடவை செருகி எடுங்க. தளர்ந்த பிடிப்பை மெல்லிய ஊசியால உள்பக்கமா நெருக்கலாம். 2க்கும் 3க்கும் நடுவுல கருப்பா கரிக்கோடு தெரிஞ்சா துடைச்சுப் பிரயோஜனமில்லை. கரி கரண்டு கடத்தும், சாக்கெட்டையே மாத்தணும், பீங்கான்ல எட்டு பின்.

ஸ்டெப் டவுனும் அளந்தீங்களா? ராத்திரி லைன் 250க்கு ஏறினா 230க்கு 110 சுத்தினது 120 தரும், அது பரவாயில்லை. 220க்கு 120 சுத்தினதுன்னா 136 வரும், ஹீட்டர் 7 வோல்ட்டைத் தாண்டும். 2ஆம் பின்னுக்கும் 7ஆம் பின்னுக்கும் நடுவுல ஏசி 6.3 வரணும், பத்து சதவீதம் ஏறி இறங்கலாம். ஸ்டெப் டவுன் 300 விஏக்குக் குறையக்கூடாது, எர்த் பின் ஆம்ப் வரைக்கும் போகணும். கிரவுண்ட் சுவிட்ச்ல தொங்குற 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரை வெட்டி எடுத்துருங்க. அது ஷார்ட் ஆனா மைக்கைத் தொடுறவருக்கு அடிக்கும்.

மார்த்தாண்டம் பேஸ்:
கண்டென்சர் முனை கழட்டினதும் மைனஸ் 48. எல்லாம் மாத்தியாச்சு, ரெண்டு பக்கமும் இப்ப மைனஸ் 48. பழைய வால்வையே ஓட்டலாமா?

நாரோயில் சால்டர்:
சோதிக்க ஓட்டலாம். சிவந்த வால்வோட எமிஷன் (எலெக்ட்ரான் விடுற திறன்) குறைஞ்சிருக்கும், நம்பி கச்சேரிக்குப் போகாதீங்க.

வாங்குறது 6எல்6ஜிசி, மேட்ச்டு ஜோடி (ஒரே அளவு கரண்டு இழுக்கிறதாப் பொறுக்கினது). இப்ப உற்பத்தியில உள்ளது ஸ்லோவாக்கியாவுல ஜேஜே, ரஷ்யாவுல சாரடோவ் ஆலையில வரும் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்சோல் பெயர்கள், பிறகு சீனம். பேஸுக்கு இதுல எதுவும் போதும். 'பழைய ஸ்டாக்'னு பெட்டி காட்டி நாலு மடங்கு கேட்டா விட்டுருங்க. சென்னை ரிச்சி தெருவுலயும் பழைய ரேடியோ ரிப்பேர்காரங்க கிட்டயும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) கம்பெனி வால்வு கிடைச்சா பெரும்பாலும் இஎல்84 மாதிரி ரேடியோ வால்வுதான், ஒன்பது பின். இசிசி83 இருந்தா எடுத்து வைங்க, அது 12ஏஎக்ஸ்7தான், ப்ரீஆம்ப் வால்வு. ரஷ்ய 6என்2பியை அதுக்குப் பதிலா தள்ளுவாங்க, ஹீட்டர் கனெக்‌ஷன் வேற, எரியாது. வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைச்சா சுங்கமும் ஐஜிஎஸ்டியும் கூரியர்காரர் கட்டணமும் சேரும். இந்தியாவுல ஸ்டாக் வச்சிருக்கிற கிட்டார் கடை விலையோட கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பார்சல் பிரிச்சதும் கண்ணாடிக்குள்ள வெள்ளிப் பூச்சைப் பாருங்க. வெள்ளையா மாறியிருந்தா காத்து ஏறிப்போச்சு, ஆன் பண்ணாமலே திருப்பி அனுப்பலாம்.

மாட்டும்போது 8ஆம் பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல 1 ஓம், 1 சதவீதம் ரெசிஸ்டர் ஒவ்வொண்ணு. 1 மில்லிவோல்ட்னா 1 மில்லிஆம்பியர். 30 வாட்டுல 60 சதவீதம் 18 வாட், அதை 445 வோல்ட்டால வகுத்தா 40 மில்லிஆம்பியர். ரெண்டுலயும் 38இல் இருந்து 42 வந்தா நிறுத்திக்கலாம். வெள்ளி முகப்புல பின்னால உள்ள பொட் (திருகுற ரெசிஸ்டர்) பயாஸ் அளவை மாத்தாது. ஒரு பக்கம் ஏத்தி மறுபக்கம் இறக்கும், அவ்வளவுதான். ஹம் எங்க குறையுதோ அங்க வைங்க. ரெண்டும் சேர்ந்தே கூடுதலா இருந்தா பயாஸ் லைன்ல கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரைக் கூட்டணும், மைனஸ் ஏறும், கரண்டு குறையும்.

குளச்சல் வால்வு:
ஆர்டர்ல ஒரு 12ஏடி7யும் சேர்த்துக்கோங்க தம்பி, கூரியர் காசு ஒண்ணுதானே. ஃபியூஸ் பின்பலகையில அச்சிட்ட மதிப்புதான், ஸ்லோ பிளோ. பெருசு போடாதீங்க.