கதிரின் முட்டிக்கு எந்த ஸ்குரூ?

கதிர்: எம்.ஆர்.ஐ. முடிவு வந்துவிட்டது. முட்டியின் முன்ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது. தொடையிலிருந்து தசைநாண் எடுத்து ஜவ்வாக வைத்து, எலும்புக்குள் ஸ்குரூ போட்டு இறுக்குவார்களாம். டைட்டானியமா, கரையும் ஸ்குரூவா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: காலில் போட்ட பிளேட்டை எடுப்பதற்காகவே இரண்டாம் முறை மேசையில் படுத்தவன் நான். கரைவதையே போடச் சொல்.

அத்தை: ஜவ்வு பிடிப்பதற்குள் கரைந்து தொலைத்தால்?

அம்மா: அகிலா, எலும்பு டாக்டர் நீ வாயே திறக்கவில்லையே?

அகிலா: பணியில் இருந்தேன் சித்தி. அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. 1980களில் பின்லாந்தில் கணுக்கால் முறிவுக்குக் கரையும் பாலிகிளைகோலிக் அமிலக் குச்சிகளைப் போட்டுப் பார்த்தார்கள். அது சில வாரங்களிலேயே வலுவிழக்கும். வேகமாகச் சிதைந்ததால் சிலருக்குக் கிருமியே இல்லாமல் வீங்கி நீர் வடிந்தது. இப்போது முட்டிக்குப் பெரும்பாலும் பாலிலாக்டிக் அமில வகைதான். உடம்பிலுள்ள நீர் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். கடைசியில் மிஞ்சுவது லாக்டிக் அமிலம். வேகமாக ஓடினால் தசையில் சுரக்கிறதே, அதேதான். அது நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறிவிடும். ஜவ்வு எலும்போடு பிடிக்க ஏறத்தாழ 6 முதல் 12 வாரம். அதுவரை வலுவாக நின்றால் போதும், நிற்கும். முழுதாக மறைய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கதிர்: ஆண்டுக்கணக்கிலா!

அகிலா: அந்தப் பாலிலாக்டிக் வகையிலேயே கலப்பில்லாத பாலி-எல்-லாக்டைடு என்றால் 5 ஆண்டு கழித்தும் மிச்சம் இருக்கலாம். கிளைகோலிக் கலந்தது சீக்கிரம் போகும். போன இடம் தானாக எலும்பாகிவிடும் என்று மட்டும் நம்பாதே. பலருக்குக் குழி அப்படியே நிற்கிறது. கால்சியம் பாஸ்பேட் கலப்பது அதற்காகத்தான்.

பெரியப்பா: எனக்கும் அப்போதே இதைப் போட்டிருக்கலாமே?

அகிலா: உங்களுக்கு முறிந்தது கால் எலும்பின் தண்டு அப்பா. டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல், இதற்கு 3, 4 தான். நீங்கள் எழுந்து நின்றாலே வளைந்துவிடும்.

அத்தை: அண்ணா எடையைக் குறைக்க வேண்டும் என்று நான் சொன்னால்தான் கோபம் வரும்.

அகிலா: கதிர், குறையையும் கேள். திருகும்போதே சில சமயம் உடையும். எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் பின்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் உலோகம்போலப் படத்தைக் கெடுக்காது. முட்டி வேலை செய்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொந்தரவு தராத டைட்டானியம் ஸ்குரூவையும் யாரும் எடுப்பதில்லை. அப்பாவின் வாதம் உனக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நானாக இருந்தால் அறுவை செய்பவர் கைக்குப் பழகியது எதுவோ, அதையே போடச் சொல்வேன்.

கதிர்: நாளை என்ன கேட்கட்டும் அக்கா?

அகிலா: எந்தப் பாலிமர், அதாவது எந்த வகைக் கரையும் பொருள், கால்சியம் கலந்ததா, உடைந்தால் மாற்று கைவசம் இருக்கிறதா.

அம்மா: நான் காகிதத்தில் எழுதித் தருகிறேன். உள்ளே போனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவான்.

கதிர்: அம்மா, இது குடும்பக் குழு.