மணலைத் துடைக்காதே: நம்ம வீட்டுக் குழுவில் ஒரு சனிக்கிழமை

கார்த்தி, காலை 8:12
அருண் அண்ணா, நீங்க ஜப்பான்லேர்ந்து கொடுத்தனுப்பின ப்ளூ-ரே ப்ளேயரும் டிஸ்கும் வந்துருச்சு. நேத்து ராத்திரியே ‘ஜுபெய் நின்புச்சோ’ங்கிற அந்த ஜப்பான் வாள் சண்டை கார்ட்டூன் படத்தைப் போட்டுப் பார்த்தேன்.

கார்த்தி, காலை 8:13
மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. படம் பூரா புள்ளி புள்ளியா ஓடுது. நான் முன்னாடி இறக்கி வச்ச 2 ஜிபி ஃபைல் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. டிஸ்க்ல ஏதாச்சும் கோளாறா?

மீனா அக்கா, காலை 8:20
மொதல்ல அந்த ப்ளேயரை நேரா நம்ம பிளக்ல சொருகலையே? ஜப்பான்ல 100 வோல்ட்டாம்டா.

கார்த்தி, காலை 8:21
இல்லக்கா. பின்னாடி 100னு மட்டும்தான் போட்டிருக்கு. வோல்ட்டை இறக்குற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கித்தான் போட்டேன்.

அருண் (நிஷி-கசாய், டோக்கியோ), காலை 8:34
நல்ல வேலை செஞ்ச. ப்ளேயரையும் சேர்த்து அனுப்பினதுக்குக் காரணம் இருக்கு. ப்ளூ-ரேல ஜப்பானும் அமெரிக்காவும் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். ஏ பூட்டுப் போட்ட டிஸ்க் நம்ம ஊர் ப்ளேயர்ல ஓடாது. இங்க விக்கிற ஜப்பானிய டிஸ்க் நிறையதுல இங்கிலீஷ் சப்டைட்டிலும் இருக்காது. அதான் அமெரிக்கப் பதிப்பா தேடி வாங்கினேன்.

அருண் (நிஷி-கசாய்), காலை 8:36
புள்ளி விஷயத்தை சித்தப்பா சொன்னாத்தான் சரியா இருக்கும். ஃபிலிம் லேப்ல இருந்தவர் அவர்தானே.

சேகர் சித்தப்பா, காலை 9:05
இப்பதான் பார்த்தேன். அந்தப் படம் எந்த வருஷம்?

அருண் (நிஷி-கசாய்), காலை 9:06
1993 சித்தப்பா. மேட்ஹவுஸ் ஸ்டூடியோ, கவாஜிரி யோஷியாகி டைரக்‌ஷன். 94 நிமிஷம்.

சேகர் சித்தப்பா, காலை 9:15
அப்ப ஃபிலிம்தான். கண்ணாடி மாதிரி ஷீட்ல பெயின்ட் அடிச்சு, வரைஞ்ச பேக்ரவுண்ட் மேல அடுக்கி, மேலேர்ந்து கேமராவை வச்சு ஒவ்வொரு ஃப்ரேமா 35 எம்எம் நெகட்டிவ்ல எடுத்திருப்பாங்க. கார்த்தி, நீ புள்ளின்னு சொல்றது கிரெயின், ஃபிலிம்ல இருக்குற குட்டிக் குட்டித் துகள். அது அழுக்கு இல்லப்பா, படமே அதுலதான் இருக்கு. கோடம்பாக்கம் லேப்ல இருந்த 22 வருஷமும் நான் பார்த்தது அதைத்தான். கிரெயின் இல்லாத நெகட்டிவ்னு ஒண்ணு என் கையில வந்ததே இல்ல.

கார்த்தி, காலை 9:18
அப்ப என் ஃபைல்ல மட்டும் எப்படி சித்தப்பா சுத்தமா இருக்கு?

சேகர் சித்தப்பா, காலை 9:27
யாரோ துடைச்சிருக்காங்க. கார்ட்டூன் படத்துல அதுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு. செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடும், ஆனா 24 படம் வரைய மாட்டாங்க. பல இடத்துல 8 படம்தான் வரைவாங்க, ஒவ்வொண்ணையும் மூணு தடவை எடுப்பாங்க. அந்த மூணு ஃப்ரேம்லயும் உருவம் அப்படியே நிக்கும், கிரெயின் மட்டும் மாறும். துடைக்கிற சாஃப்ட்வேர் பக்கத்துப் பக்கத்து ஃப்ரேமை ஒப்பிட்டுப் பார்த்து, மாறுறதையெல்லாம் அழுக்குன்னு எடுத்துரும்.

சேகர் சித்தப்பா, காலை 9:29
வாள் வீசுற படத்துல ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் வந்து போற கோடு இருக்கும் பாரு, வெட்டு விழுற அந்தக் கோடு. அதுவும் மாறுறதுதானே? கிரெயினோட சேர்ந்து அதுவும் போயிரும். வெட்டே இல்லாம கை மட்டும் கீழ விழும்.

கார்த்தி, காலை 9:31
அய்யோ சித்தப்பா. நேத்து மூங்கில் காட்டுச் சண்டையில நிறைய இடத்துல புதுசா மின்னுச்சு. டிஸ்க்ல எதையோ சேர்த்துட்டாங்கன்னு நினைச்சேன்!

அருண் (நிஷி-கசாய்), காலை 9:40
சேர்க்கலடா, என்னைக்கும் இருந்ததுதான். கண்ணு தெரியாத அந்த வாள்காரன் வெயிலை வாள்ல வாங்கி ஹீரோ ஜுபெய் கண்ணுல அடிப்பான்ல, அந்த ஒளி தெறிக்கலேன்னா சண்டையோட கணக்கே புரியாது.

அருண் (நிஷி-கசாய்), காலை 9:44
இன்னொண்ணு. உன் 2 ஜிபியை 94 நிமிஷத்துக்குப் பிரிச்சா செகண்டுக்கு 3 மெகாபிட் கூட வராது. ப்ளூ-ரேல படத்துக்கு மட்டுமே 40 வரைக்கும் போகலாம். இந்தப் படத்துல பாதி ராத்திரிதான். அந்த ஃபைல்ல வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா இருந்திருக்கணுமே?

கார்த்தி, காலை 9:45
ஆமா! நிலா வர்ற இடத்துல.

அருண் (நிஷி-கசாய்), காலை 9:49
ப்ளூ-ரேலயும் ஒரு நிறத்துக்கு இருட்டுலேர்ந்து வெளிச்சம் வரைக்கும் அதிகபட்சம் 256 படிதான். இருட்டுக்குள்ள வர்றது அதுல கொஞ்சம். கிரெயின் அந்தப் படிகளுக்கு மேல மணல் தூவின மாதிரி பரவி, விளிம்பைத் தெரியவிடாம பண்ணிரும். மணலைத் துடைச்சா படி தெரியும். எனக்கு இந்த டிஸ்க்ல ரொம்பப் பிடிச்சதே அந்த இருட்டுதான்.

மீனா அக்கா, காலை 10:02
நானும் காலேஜ்ல இதை டிவிடில பார்த்தேன். ரத்தம் வர்ற இடமெல்லாம் சிவப்பு நிறம் வரைஞ்ச கோட்டைத் தாண்டி வழியும். அதை ஸ்டைல்னுல்ல நினைச்சேன்?

அருண் (நிஷி-கசாய்), காலை 10:08
இல்லக்கா, அது டிவிடியோட வரம்பு. கறுப்பு வெள்ளை விவரத்தை முழுசா வச்சுட்டு, நிறத்தைக் கால் பங்கு அளவுலதான் பதிவாங்க. 720க்கு 480 பிக்சல் இருக்குற டிவிடில நிறத்துக்கு 360க்கு 240தான். சிவப்புல அது பளிச்சுன்னு தெரியும். ப்ளூ-ரேயும் அதே முறைதான், ஆனா நிறத்துக்கு 960க்கு 540 கிடைக்குது. சிவப்பு கோட்டுக்குள்ளயே நிக்கும்.

மீனா அக்கா, காலை 10:10
அப்ப என் பையன் கண்ணுல படவே கூடாது. அவனுக்கு 14தான். சாமுராய் கார்ட்டூன்னு கேட்டதுலேர்ந்து துடிச்சுட்டு இருக்கான்.

அருண் (நிஷி-கசாய்), காலை 10:13
வேண்டவே வேண்டாம்க்கா. ஆரம்பத்துலயே ஒரு ஆளோட கையைப் பிய்க்கிற காட்சி இருக்கு. அதைவிட, ஒரு பொண்ணு மேல நடக்கிற வன்கொடுமைக் காட்சி இருக்கு. படத்தை இவ்வளவு நேசிக்கிற எனக்கே அதை ஏத்துக்க முடியல. டிஸ்க்கைப் பூட்டி வை கார்த்தி.

கார்த்தி, காலை 10:14
பீரோவுக்குள்ள வச்சுட்டேன்.

சேகர் சித்தப்பா, காலை 10:30
கார்த்தி, டிவியில படத்தை வழுவழுன்னு ஓட வைக்கிற செட்டிங் ஆன்ல இருக்கா? இருந்தா எடுத்துரு. ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல டிவியே ஒரு படத்தைக் கற்பனை பண்ணி நுழைக்கும். அசையாம நின்னு சட்டுன்னு வெட்டுறதுதான் வாள் சண்டை. நடுவுல ஒண்ணை நுழைச்சா ரப்பர் மாதிரி இழுபடும். ஷார்ப்னஸையும் இறக்கு. அது கிரெயினைத் தூக்கிக் காட்டும். நீ பார்த்த புள்ளியில பாதி அந்த ஷார்ப்னஸ் வேலையா இருக்கும்.

அருண் (நிஷி-கசாய்), காலை 10:36
சவுண்டுலயும் நைட் மோடை எடுத்துரு. சின்ன சத்தத்தை ஏத்தி, பெரிய சத்தத்தை அமுக்கிரும் அது. மூங்கில் இலை உரசுற மெல்லிசு, அதுக்கப்புறம் ஒரு அமைதி, அப்புறம்தான் இரும்பு. மூணும் ஒரே உயரத்துக்கு வந்துட்டா மிச்சம் என்ன இருக்கு? டிவி தானா சேர்க்கிற போலி சரவுண்டும் வேண்டாம். ஜப்பானிய ஒலியையே வை. ஜுபெய்க்கு யமாதேரா கோய்ச்சி குரல். வாடா கவோரு இசையில மேளம் அடிவயித்துல இறங்கணும்.

கார்த்தி, பகல் 12:51
எல்லாத்தையும் மாத்திட்டு, மீனா அக்கா பையன் டியூஷன் போன நேரத்துல மூங்கில் காடு மட்டும் திரும்பப் பார்த்தேன்.

கார்த்தி, பகல் 12:53
கிரெயின் இருக்கு, ஆனா இப்ப கண்ணுல குத்தல. மூங்கில்ல பெயின்ட் அடிச்ச பிரஷ் தடம் தெரியுது சித்தப்பா. யாரோ கையால வரைஞ்சிருக்காங்கன்னு முதல் தடவையா தோணுச்சு. வாள் மூங்கில்ல மாட்டுற சத்தம், பின்னாடி யாரோ விறகு பிளந்த மாதிரி. திரும்பிப் பார்த்துட்டேன்.

சேகர் சித்தப்பா, பகல் 1:10
அந்தப் பிரஷ் தடத்தை நான் பார்க்கணும். ராத்திரி வர்றேன். ஹால்ல ட்யூப் லைட்டை அணைச்சு வை, ஜன்னலுக்கு ஒரு போர்வை கட்டு. தெருவிளக்கு திரையில விழுந்தா இருட்டுல ஒண்ணும் தெரியாது.

மீனா அக்கா, பகல் 1:12
பையன் தூங்கினப்புறம், பத்து மணிக்கு மேல. நானும் வர்றேன்.