ஏரிக்கரைக் குடும்பக் குழு: படகு மோட்டாருக்கு எந்த ஒயர்?

தம்பி: மாமா, 12 வோல்ட் மோட்டார் வந்துவிட்டது. பேட்டரியைப் படகின் நடுவில் வைத்தால்தான் பாரம் சமமாக நிற்கிறது. ஆனால் ஒயர் 3 மீட்டர் குறைகிறது. வீடு கட்டும்போது மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சேர்த்துக் கட்டலாமா?

மாமா: வேண்டாம்பா. முழு வேகத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது?

தம்பி: 50.

மாமா: 2.5 ஒயர் 20 ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். வீட்டில் 230 வோல்ட், கொஞ்ச ஆம்பியரிலேயே வேலை முடிந்துவிடும். இங்கே வெறும் 12 வோல்ட், அதனால் ஆம்பியர் ஏறித்தான் ஆகும். போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர். அதில் மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் விழும், 100 வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாகப் போகும். மரப்படகில் அது எவ்வளவு ஆபத்து, யோசி. 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்கு. வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் அதுவே வேண்டும். பழவேற்காடு ஏரித் தண்ணீர் உப்பு. வெறும் செம்பு சீக்கிரம் பச்சை பிடித்துவிடும்.

சித்தப்பா: வைக்கத்தில் 2017-லிருந்து சோலார் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறதே. இதற்கு இவ்வளவு பயம் வேண்டுமா?

மாமா: அதைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்கள். நம் படகில் ஒயர் கட்டுவது நாம்தான் அண்ணா.

சித்தப்பா: சரி. கரண்ட் மிஞ்சினால் தானாக அணைகிற வீட்டு பிரேக்கர், அதான் எம்.சி.பி., ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா?

மாமா: அது வீட்டுக்கு வரும் ஏசி கரண்டுக்கு, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற கரண்டுக்கு. ஏசியில் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வரும், பொறி தானாக அணையும். பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடுகிற டிசி. அதில் அப்படி வராது, உள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். 60 ஆம்பியர் டிசி பிரேக்கர் வாங்குங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கிற ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

அத்தை: இவன் ராத்திரியில் குழந்தை படுக்கும் அறையில் சார்ஜ் போடுகிறான். தண்ணீர் ஊற்றும் பேட்டரி.

மாமா: அக்கா, இப்போதே சார்ஜரை அணைத்துவிட்டுத் திண்ணைக்கு எடுக்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். படகிலும் காற்று போகிற மாதிரிதான் பெட்டி வேண்டும். ஆனால் அலையடித்து உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது, குளோரின் வாயு வரும். உயரமாக வைத்து பெல்ட் போட்டுக் கட்டு.

அத்தை: எடுத்தாயிற்று. ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

தம்பி: பிறகு லித்தியம் வாங்கினால் இதே சார்ஜர் போதுமா மாமா?

மாமா: கூடாது, அதற்கென்று இருக்கிற சார்ஜர்தான். பேட்டரிக்குள்ளேயே இருந்து அதைக் காக்கிற சர்க்யூட், அதான் பி.எம்.எஸ்., 50 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குமா என்றும் பார்த்து வாங்கு.

தம்பி: நாளைக்குச் சூளூர்பேட்டை போகிறேன்.

மாமா: 16 ஒயருக்கு உரிய லக், அதான் ஒயர் நுனியில் அழுத்தி மாட்டுகிற உலோக முனை, வாங்கிவா. முறுக்கி டேப் சுற்றுகிற வேலையே வேண்டாம், அழுத்தும் கருவி என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கரையோரம் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்ப்போம். எது சுடுகிறதோ அதைப் பிரித்து மறுபடி போடுவோம்.