களிம்பு போட்டால் அடங்குது, விட்டால் திரும்ப வருது

மழைக்குருவி:

இடது மார்புக் காம்பில் மட்டும் ஒரு சொரசொரப்பு. பிரா உரசுது போல என்று நினைத்து அதை மாற்றினேன், சோப்பை மாற்றினேன். காய்ந்து பொருக்கு உதிரும், அடியில் சிவந்து ஈரமாக இருக்கும். சில நாள் துணியில் பொட்டு மாதிரி கறை.

தோல் டாக்டர் எக்ஸிமா என்று ஸ்டீராய்டு களிம்பு எழுதினார். பத்து நாளில் அடங்கிவிட்டது. அது அடங்கியதுதான் எனக்கு வினை. நிறுத்தினால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும், திரும்பத் தடவுவேன். இப்படியே ஏழு மாதம். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, வலியும் இல்லை. கட்டி இருந்தால்தானே பயப்படணும் என்று இருந்துவிட்டேன்.

வேறு விஷயமாகப் போன இடத்தில் பார்த்த மார்பக அறுவை மருத்துவர் ஒன்றுதான் கேட்டார்: "முதலில் காம்பில் வந்ததா, சுற்றியிருக்கிற கருவட்டத்தில் வந்ததா?" எக்ஸிமா பெரும்பாலும் கருவட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வரலாம். பேஜெட் நோய் என்று காம்புத் தோலில் வரும் ஒருவகைப் புற்று, காம்பில் தொடங்கி வெளியே பரவும், அநேகமாக ஒரு பக்கம்தான். மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் நுனி அளவு தோல் எடுத்தார். அவ்வளவுதான் பயாப்ஸி. முடிவு பேஜெட், உள்ளே பால்குழாயில் ஆரம்பநிலைப் புற்று. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) அது தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை 1874லேயே எழுதிவைத்துவிட்டாராம். நான் உட்கார்ந்து களிம்பு தடவிக்கொண்டிருந்தேன்!

ரெட்டைவால்:

உங்களுக்கு மாதக்கணக்கு, எனக்கு எல்லாம் மூன்றே வாரம். பிள்ளை பால் மறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆச்சு. திடீரென்று வலது மார்பு கனத்து, தொட்டால் சூடாக இருந்தது. நான் கறுப்பு, அதனால் சிவப்பாகத் தெரியவில்லை. கன்றிப்போன ஊதா மாதிரி. தோலில் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழி குழியாக. கிருமித் தொற்று என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காய்ச்சலே இல்லாத தொற்று!

அக்கா சொன்னாள் என்று நிறம் மாறிய இடத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, தினமும் அதே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். நாலாம் நாள் கோட்டைத் தாண்டியிருந்தது. படங்களைப் பார்த்த டாக்டர் இன்னொரு கோர்ஸ் எழுதவில்லை, நேரே பயாப்ஸிக்கு அனுப்பினார். அழற்சி வகை மார்பகப் புற்று. புற்றுசெல்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைப்பதால்தான் வீக்கமும் குழியுமாம், கட்டியே இல்லாமலும் வருமாம். முதலில் கீமோ, பிறகு அறுவை. இப்போது கதிர்வீச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. களைப்பு தவிர பரவாயில்லை.

கொடிமல்லி:

பயந்து ஓடி நல்ல சேதியோடு திரும்பியவளும் இருக்கேன். கையைத் தூக்கினால் மார்பிலிருந்து கயிறு இழுத்த மாதிரி தோலடியில் ஒரு கோடு, தொட்டால் வலி. மாண்டர் நோயாம், தோலடி ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தது. ஸ்கேன், மேமோகிராம் இரண்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஆறு வாரத்தில் தானே போய்விட்டது.

வாசல்படி:

எனக்கும் மூன்று மாதமாக இந்தக் களிம்புக் கதைதான். நாமே பயாப்ஸி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா அக்கா?

மழைக்குருவி:

கோபித்தால் கோபிக்கட்டும்மா. பயாப்ஸி என்ற வார்த்தையே வேண்டாம். "மூன்று மாதமாகப் போட்டும் திரும்பத் திரும்ப வருது, இது வேறு எதாக இருக்கலாம்?" என்று கேள். மழுப்பினால் மார்பக மருத்துவருக்குச் சீட்டு எழுதித் தரச் சொல். எந்த இடம் என்று சொல்லவில்லையே, காம்பா கருவட்டமா?

வாசல்படி:

காம்பு. ஒரு பக்கம்தான். திங்கள்கிழமை போறேன்.